"இது யாருக்கும் தோன்றுமே": எலைசா காப்புரிமைக் கேள்விகள்

கேள்வி: ரத்தத்தில் டெங்குவுக்கு எதிரான ஐஜிஎம் ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதத்தை) தேடும் எலைசா பரிசோதனையில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆன்டிபாடியும் ஒட்டிக்கொண்டு பொய் பாசிட்டிவ் வருகிறது. அதைக் குறைக்க, வேண்டாத புரதங்கள் சோதனை பிளேட்டில் ஒட்டாமல் தடுக்கும் கரைசலான பிளாக்கிங் பஃபரை மாற்றினோம். இரண்டு பழைய கட்டுரைகளைச் சேர்த்தாலே இது வந்துவிடும் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதியிருக்கிறார். விட்டுவிடலாமா? (ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

விடாதீர்கள். ஆனால் முதலில் பரிசோதகர் பக்கம் உட்கார்ந்து யோசியுங்கள். எலைசா 1971-இலேயே வந்துவிட்டது, டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் இரண்டும் ஃபிளேவி வைரஸ் என்ற ஒரே குடும்பம் என்பதால் ஒன்றின் ஆன்டிபாடி மற்றதோடும் ஒட்டும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும், பஃபரை மாற்றிப் பார்ப்பதும் லேபில் தினசரி வேலைதான். நாலைந்து அளவுகளைப் போட்டுப் பார்த்து நல்லதை எடுத்துக்கொண்டோம் என்பது மட்டுமே உங்கள் கதை என்றால் அவர் சொல்வது சரி. வெறும் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் 1978-இலேயே சொல்லிவிட்டது.

அதே சமயம், பதிலைத் தெரிந்துகொண்ட பிறகு எதுவுமே எளிதாகத்தான் தெரியும். நீங்கள் விண்ணப்பித்த நாளுக்கு முன்பு, துறையில் தேர்ந்த ஒருவர் அந்த இரண்டு கட்டுரைகளையும் கையில் வைத்திருந்தால், அவற்றைச் சேர்க்க அவருக்குக் காரணம் இருந்ததா, சேர்த்தால் பலிக்கும் என்று நம்ப இடம் இருந்ததா? சண்டையே இதில்தான். அந்தச் சேர்மானம் சிக்னலையே குறைத்துவிடும் என்று ஒரு கட்டுரை எச்சரித்திருந்து, உங்கள் முறையில் உணர்திறன் குறையவில்லை என்றால், பரிசோதகருக்கு எழுதும் பதிலின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும். ஒரே சீரம் மாதிரிகளைப் பழைய முறையிலும் உங்கள் முறையிலும் ஓட்டிய அளவீடுகளை அருகருகே காட்டுங்கள். தோற்றுப்போன பிளேட்டுகளின் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்துவிடாதீர்கள், என்னிடம் வரும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பதே அந்தப் பக்கங்களைத்தான். விண்ணப்பத்தில் இல்லாத புது விஷயத்தை, எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் கோரிக்கைக்குள் இப்போது நுழைக்க முடியாது, ஏற்கெனவே எழுதிய அளவுக்குள் சுருக்கலாம். பதில் தர, பரிசோதகரின் அறிக்கையை அலுவலகம் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம்.

கேள்வி: நோயறியும் முறைக்குக் காப்புரிமையே கிடையாதாமே? (லேப் நடத்துபவர், கே.கே. நகர்)

காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ) அப்படித்தான் சொல்கிறது. உடலுக்கு வெளியே, குழாயில் செய்தால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் வழக்கில், உடலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது அல்ல விஷயம் என்று தெளிவாக்கியது: அந்த முறையே நோயை அறிந்து சொல்லிவிடுமா என்பதைப் பார்க்க வேண்டும். ஆகவே "டெங்குவைக் கண்டறியும் முறை" என்று எழுதுவது ஆபத்து. கிட், வினைப்பொருள் கலவை ஆகியவற்றைக் கோரினால் இந்தத் தடை வராது, ஆனால் "இது வெளிப்படையானது, யாருக்கும் தோன்றும்" என்ற ஆட்சேபம் அங்கேயும் வரும்.

கேள்வி: ஆய்வேட்டை, ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றிவிட்டேன், இப்போது விண்ணப்பிக்கலாமா?

உங்கள் ஆய்வேடே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிட்டது. கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை உண்டு, இணையத்தில் ஏற்றிய ஆய்வேட்டை அதில் அடக்குவது கடினம். வெளிவராத மேம்பாடு ஏதாவது கையில் இருந்தால் அதற்காவது உடனே விண்ணப்பியுங்கள். வழிகாட்டிகள் இதை முதலாம் ஆண்டிலேயே மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

கேள்வி: நாங்கள் பல வருடமாகச் செய்யும் முறைக்கே ஒரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. எதிர்க்க முடியுமா? (திண்டுக்கல்)

முடியும். விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், யார் வேண்டுமானாலும் பிரிவு 25(1)-இன்படி எதிர்க்கலாம். வழங்கிய பிறகு என்றால், அது வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், அக்கறை உள்ளவர் மட்டும். "நாங்களும் செய்தோம்" என்ற வாய்ச்சொல் போதாது. விண்ணப்பத்துக்கு முந்தைய தேதியிட்ட ரிப்போர்ட், கிட்டோடு வந்த குறிப்புத் தாள், வாங்கிய பில் என்று தேடி எடுங்கள், வெளியாருக்கும் தெரியும்படி அந்த முறை நடந்தது என்பதை அவை காட்ட வேண்டும். பழைய பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.