மருமகன் 100 மீட்டரை 10.58 நொடியில் ஓடியிருக்கிறான். மாநிலச் சாதனையாகப் பதிய முடியுமா?

கேட்டவர் சொன்ன விவரம்: பணகுடிப் பக்கம் ஆடி மாதம் நடந்த குறுவட்டப் போட்டியில், பிளஸ் ஒன் படிக்கும் தங்கச்சி மகன் 100 மீட்டரில் முதலாவது வந்திருக்கிறான். மண் டிராக், விசில் ஸ்டார்ட், ஸ்டாப்வாட்ச் நேரம். சான்றிதழில் 10.58 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செல்போன் வீடியோவும் கையில் இருக்கிறது. சாதனையாகப் பதிய யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, விண்ணப்பிக்க வேண்டாம். பதிய மாட்டார்கள். பையன் மேல் ஒரு குறையும் இல்லை. மாவட்டப் போட்டிகளில் முடிவுக்கோட்டுப் பக்கம் படி ஸ்டாண்டில் கடிகாரத்தோடு உட்காருகிற ஆள் நான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 10.58. ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரத்தை இரண்டு தசமம் வரை எழுதுவதே விதிப்படி கிடையாது. வாட்ச் 10.51 காட்டினாலும் சரி, 10.58 காட்டினாலும் சரி, மேல்நோக்கி ஏற்றி 10.6 என்றுதான் எழுத வேண்டும். அதுவும் ஒருவர் எடுத்த நேரம் போதாது. மூன்று பேர் எடுத்து, மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவில் உள்ளதைக் கொள்வோம். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். விவரம் தெரிந்தவர் சான்றிதழைக் கையில் வாங்கியதும் அந்த இரண்டாவது தசமத்தைத்தான் பார்ப்பார், பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

உலக சாதனை விதியில் 800 மீட்டர் வரை முழுத் தானியங்கி நேரம் மட்டும்தான் செல்லும். துப்பாக்கி வெடித்ததும் கடிகாரம் தானாக ஓடத் தொடங்க வேண்டும், முடிவுக்கோட்டில் போட்டோ ஃபினிஷ் கேமரா இருக்க வேண்டும். இரண்டு முனையும் தானியங்கியாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கையால் ஸ்டார்ட் செய்துவிட்டு முடிவில் மட்டும் சென்சார் வைத்தால் அது கைநேரத்திலும் சேராது, தானியங்கியிலும் சேராது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மனிதக் கை ஓடுகிறவனுக்குச் சாதகமாகவே தப்புப் பண்ணும். துப்பாக்கியின் புகையைக் கண்டு நாம் அழுத்துவதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முடிவிலோ பையன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சரியாக அழுத்திவிடுவோம். 100 மீட்டர் கைநேரத்தைத் தானியங்கி நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டிப் பார்ப்பது அதனால்தான். உங்கள் ஊர்ப் போட்டியில் விசில் வேறு. முடிவுக்கோட்டில் நிற்பவர் விசில் சத்தத்தைக் கேட்டு அழுத்தியிருந்தால், சத்தம் 100 மீட்டர் தாண்டி வந்து சேரவே ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். கூட்டிப் பாருங்கள்: 10.6, 0.24, 0.29. மொத்தம் 11.13. என் கணக்கில் பையனின் உண்மையான நேரம் 11.1 பக்கம் இருக்கும். பதினாறு, பதினேழு வயசில் மண் தரையில் 11.1 என்றால் சும்மா இல்லை. ஆனால் 10.58 வேறு உலகம். 2025-இல் அனிமேஷ் குஜூர் கிரீஸில் ஓடி ஆண்களுக்கான இந்தியத் தேசிய சாதனையாக வைத்ததே 10.18 தான்.

அப்புறம் காற்று. ஆடி மாதம், அதுவும் பணகுடி! காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதற்குக் காரணம் இருக்கிறதே. 100, 200 மீட்டர் ஓட்டங்களில் பின்னாலிருந்து தள்ளும் காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனை செல்லாது. முதலாவது இடம் பறிபோகாது, மெடல் உண்டு. நேரம் மட்டும் சாதனைக் கணக்கில் வராது. 100 மீட்டருக்குக் காற்றுமானியை முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் லேன் ஓரமாக, 1.22 மீட்டர் உயரத்தில் வைத்துப் பத்து நொடி அளப்பார்கள். அளவையும் மேல்நோக்கித்தான் ஏற்றுவார்கள், 2.03 வந்தால் 2.1, போச்சு. அந்த 2.0 மீட்டர் காற்றே ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்திக் கொடுத்துவிடும். உங்கள் மைதானத்தில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓட விட்டார்கள்? மேற்கிலிருந்து கிழக்கே என்றால் ஆடிக் காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கும், நான் மேலே சொன்ன 11.1-ஐக்கூடக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். கிழக்கிலிருந்து மேற்கே என்றால் பையன் என் கணக்கைவிட வேகமானவன்.

காற்று விதிக்கு நம்ம பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சாத்தான்குளம் பக்கத்து முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2022-இல் கேரளாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் நீளம் தாண்டுதலில் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். கேரளத்துக்காரர் ஸ்ரீசங்கர் தாண்டியது 8.36, இரண்டாம் இடம். ஆனால் தேசிய சாதனை ஸ்ரீசங்கர் பேரில் போனது, ஏனென்றால் ஜெஸ்வின் தாண்டும்போது காற்று வரம்பை மீறி வீசியது. அடுத்த வருஷமே பெல்லாரிப் பக்கம் 8.42 தாண்டி முறையான சாதனையையும் எடுத்துக்கொண்டார். நீளம் தாண்டுதலானாலும் 2.0 என்ற அளவு இதேதான்.

பெரிய இடத்திலும் இந்தப் பிடிமானம் தளர்வதில்லை. 2006-இல் தோஹாவில் அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் காட்லின் 100 மீட்டரை 9.76 நொடியில் ஓடி உலக சாதனையை முறியடித்ததாக அறிவித்தார்கள். சில நாளில் திருத்தினார்கள்: கருவி காட்டியது 9.766, அதை ஏற்றி 9.77 என்று எழுதியிருக்க வேண்டும். புதுச் சாதனை போய், பழையதைச் சமன் செய்ததாக ஆனது.

தரைக்கு வருவோம். டேப்பால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட 100 மீட்டர், ஒரு மீட்டர் குறைந்தால் பத்தில் ஒரு நொடி லாபம். சரிவும் பார்க்க வேண்டும். ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 100 மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறக்கம் கூடாது. மழைத் தண்ணீர் குளத்துப் பக்கம் வடியட்டும் என்று சரித்து விட்ட பள்ளி மைதானங்கள் எத்தனை! வெறுங்காலில் ஓடியதற்குத் தடை இல்லை. முன்கூட்டியே அறிவித்து நடந்த போட்டியாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று பேராவது நிஜமாகப் போட்டியிட்டு ஓடியிருக்க வேண்டும். இந்த இரண்டிலும் மருமகன் பாஸ்.

வீடியோவை நம்பாதீர்கள். சாதாரணச் செல்போன் நொடிக்கு முப்பது படம்தான் எடுக்கும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 0.03 நொடி இடைவெளி. கோட்டுக்கு நேராக நிற்காமல் சாய்வாக எடுத்திருந்தால் தலை முந்தியதா, நெஞ்சு முந்தியதா என்றே தெரியாது. விதிப்படி உடம்பு கோட்டைத் தொடுவதுதான் கணக்கு. தலை, கழுத்து, கை, கால் எதுவும் சேராது. விதிப்படி எடுக்காத நேரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020-இல் கர்நாடகத்தில் கம்பளா என்கிற சேற்று வயல் எருமைப் பந்தயத்தில் எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 நொடியில் ஓடியவரை, 100 மீட்டருக்கு 9.55 என்று வகுத்துப் பார்த்து உசைன் போல்ட்டை மிஞ்சிவிட்டார் என்று நாடே பேசியது நினைவிருக்கலாம். மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்த நம்ம ஆட்களுக்குத் தெரியாதா, இழுத்துக்கொண்டு போனது யார் என்று?

இப்போது செய்ய வேண்டியது: பி.இ.டி. சாரிடம் பேசி, செயற்கைத் தளத்தில் போட்டோ ஃபினிஷ் வைத்து நடக்கும் போட்டி ஒன்றில் பையனை இறக்குங்கள். அதற்கு முன் துப்பாக்கிச் சத்தத்துக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்கும் பழக வேண்டும், விசிலுக்கே ஓடிப் பழகியவன் அங்கே திணறுவான். ஓடி முடித்ததும் முடிவுத் தாளில் நேரத்தின் பக்கத்தில் காற்று அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அன்றைக்கே அதிகாரிகளிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் அந்த எண் யாரிடமும் இருக்காது.