மிக்சர் மேடையில், கை மடிக்கணினியில்

டிஜிட்டல் மிக்சரை (பல மைக், கருவிகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) கணினியிலிருந்து இயக்குவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கோயில் மண்டபத்தில் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சர் மேடையை ஒட்டிய அறையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மண்டபத்தில் எப்படிக் கேட்கிறது என்றே தெரியாது. 40 மீட்டர் தள்ளிப் பின்வரிசையில் மடிக்கணினி வைத்து இயக்க நினைத்து நெட்வொர்க் கேபிள் போட்டோம். கணினிக்கு மிக்சர் தென்படவே இல்லை. எங்கே தவறு? – வாசகர், செந்தூல்

கேபிளை எதில் செருகியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். எக்ஸ்32-இன் பின்புறம் ஒரே மாதிரி வாய் கொண்ட போர்ட்டுகள் பல உண்டு. ஏஇஎஸ்50 என்று எழுதிய இரண்டும் ஸ்டேஜ் பாக்சுக்கு, அதாவது மேடையில் மைக் கேபிள்களைச் செருகும் பெட்டிக்கு. அல்ட்ராநெட் என்பது இசைக்கலைஞர்களின் தனி மானிட்டர் கருவிக்கு. இந்த மூன்றும் நெட்வொர்க் கேபிளில் ஒலியைக் கொண்டுபோகின்றனவே தவிர, கணினிக்குப் புரியும் நெட்வொர்க் அல்ல. ஈதர்நெட் என்று எழுதிய ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது முகவரி. மிக்சரில் செட்அப் பொத்தானை அழுத்தி நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். ஐபி முகவரி 192.168.50.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வையுங்கள். மடிக்கணினியின் ஈதர்நெட்டுக்கு 192.168.50.20, அதே மாஸ்க். கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) காலியாக இருக்கட்டும். ஏன் 50? கோயில் அலுவலக வைஃபை பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையில் இருக்கும். மிக்சரும் அதே வரிசையில் இருந்து, மடிக்கணினி வைஃபையிலும் கேபிளிலும் ஒரே நேரத்தில் இருந்தால், எந்த வழியாகத் தகவலை அனுப்புவது என்று அது குழம்பும். மிக்சருக்குப் போக வேண்டியது அலுவலக ரவுட்டருக்குப் போய்த் தொலையும்.

முகவரி வைத்தபின், மிக்சரைக் கணினியிலிருந்து இயக்கும் எக்ஸ்32 எடிட் மென்பொருளை உடனே திறக்காதீர்கள். முதலில் கமாண்ட் சாளரத்தில் 192.168.50.10-க்குப் பிங் செய்யுங்கள், அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். பதில் ஒன்றிரண்டு மில்லி நொடியில் வந்தால் கேபிளும் முகவரியும் சரி. வராவிட்டால் மென்பொருளில் எதைத் திருகியும் பயனில்லை.

பிங் வருகிறது, எடிட் மட்டும் இணையவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால்தான் ஆள். கேட்வே இல்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் 'அடையாளம் தெரியாதது' என்று முடிவுகட்டிப் பொது நெட்வொர்க் பட்டியலில் போட்டுவிடும். நீங்களோ மென்பொருளைப் போட்ட அன்று தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். ஃபயர்வால் அனுமதிப் பட்டியலில் எக்ஸ்32 எடிட்டுக்கு எதிரே இரண்டு கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடும் பழக்கம் வேண்டாம்.

கடைசிப் படி சின்னது, ஆனால் ஆபத்து முழுக்க அதில்தான் இருக்கிறது. இணையும்போது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு நகல் எடுப்பது என்று மென்பொருள் கேட்கும். மிக்சரிலிருந்து கணினிக்கு என்பதையே தேர்ந்தெடுங்கள். மாற்றி அழுத்தினால் கணினியில் இருக்கும் வெற்று அமைப்பு மிக்சரில் போய் உட்காரும். இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்த கெயின், ஈக்யூ, மானிட்டர் அளவு எல்லாம் ஒரு நொடியில் காலி. அதனால் கணினியை இணைக்கும் முன்பே மிக்சரில் ஒரு சீனாக (அப்போதைய முழு அமைப்பின் நகலாக) சேமித்துவிடுங்கள்; 100 இடம் இருக்கிறது, கஞ்சத்தனம் எதற்கு? கணினியிலிருந்து மிக்சருக்கு என்பதற்கும் ஒரு நாள் வரும்: வீட்டிலேயே மிக்சர் இல்லாமல் சேனல் பெயர், ரவுட்டிங் எல்லாம் தயாரித்துக்கொண்டு வந்தால். அப்படிச் செய்யும்போது மெயின் ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டுச் செய்யுங்கள். மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் மாறும் சேனல்களில் 'டப்' என்று வெடிக்கும்.

40 மீட்டருக்கு கேட்5இ கேபிள் போதும். வரம்பு 100 மீட்டர். இன்றைய மடிக்கணினியில் நேராகச் செருகலாம், கிராஸ் கேபிள் தேட வேண்டாம். ஆட்கள் நடக்கும் இடத்தில் போவதால் பிளாஸ்டிக் நாக்கு சீக்கிரம் ஒடியும். நாக்கைக் காக்கும் உறை போட்ட முனையுள்ள கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு எக்ஸ்ஆர்18 மிக்சர் பயன்படுத்துகிறோம். அதிலேயே இருக்கும் வைஃபையில் டேப்லெட்டை இணைக்கிறோம். மாலையில் சோதிக்கும்போது அருமையாக ஓடும். கூட்டம் வந்ததும் அறுந்து அறுந்து போகும். மிக்சர் பழுதா? – வாசகர், ஜோர்ஜ்டவுன்

பழுது இல்லை. அந்த உள்வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுவது. கூட்டத்தில் ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி, ஒவ்வொன்றும் வைஃபை தேடிக் கத்திக்கொண்டிருக்கும். பக்கத்துப் பந்தல்களின் வைஃபை, ப்ளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா மைக் எல்லாம் அதே சந்தில்தான் நெருக்குகின்றன. இது போதாதென்று மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர்; தண்ணீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். மாலையில் வெறும் பந்தலுக்குள் 30 மீட்டர் தாண்டிய அலை, இரவில் பத்து வரிசை மனிதர்களைத் தாண்டத் திணறும். இன்னொன்று: அந்த உள்வைஃபையில் 4 கருவிகளுக்கு மேல் சேர முடியாது. கடவுச்சொல் இல்லாமல் விட்டிருந்தால் யாரோ ஒரு பையனின் கைப்பேசி அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். அவனே மிக்சரையும் திருகலாம்.

தீர்வு, தனி ரவுட்டர். இரு அலைவரிசை உள்ள சாதாரண வீட்டு ரவுட்டரே போதும், இணைய இணைப்பு தேவையில்லை. மிக்சரின் முகப்பில் உள்ள மூன்று நிலை சுவிட்சை ஈதர்நெட்டுக்குத் தள்ளி, கேபிளில் ரவுட்டருடன் இணையுங்கள். இங்கேயும் பக்கத்திலேயே அல்ட்ராநெட் போர்ட் இருக்கிறது, கவனம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து, டேப்லெட்டை அதில் மட்டும் சேருங்கள். சேனலைத் தானியங்கியில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். 52-இலிருந்து 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்கு போடுபவை. ரேடார் சத்தம் காதில் விழுந்தால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓடியாக வேண்டும் என்பது விதி. ஓடும்போது உங்கள் தொடர்பும் போகும்.

2.4-ஐயே நம்பியாக வேண்டும் என்றால் 1, 6, 11 மூன்றில் காலியாக இருப்பதைப் பிடியுங்கள். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்தாரோடும் மோதுவீர்கள்.

ரவுட்டரை மேசைக்கடியில் ஒளிக்காதீர்கள். பந்தல் காலில் தலைகளுக்கு மேலே, இரண்டரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மிக்சருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள். மின்சாரம் கண் சிமிட்டினால் மிக்சர் எழுந்துவிடும், ரவுட்டர் எழுந்திருக்க இன்னும் நேரம் எடுக்கும்.

டேப்லெட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. இணையம் இல்லாத வைஃபையை ஆண்ட்ராய்டுக்குப் பிடிக்காது. சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிடுங்கள், அல்லது 'இணைப்பிலேயே இரு' என்று கேட்கும்போது சம்மதம் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, மிக்சர் பக்கத்திலேயே கேபிளில் ஒரு பழைய மடிக்கணினியையும் இணைத்து வையுங்கள். எக்ஸ்ஆர்18-இல் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் பிடி) கிடையாது; வைஃபை போனால் உங்களுக்குக் கையே கிடையாது.

நிகழ்ச்சி நடுவில் கணினி நின்றுபோனால் ஒலி நின்றுவிடுமா? நெட்வொர்க்குக்குப் பதில் யூஎஸ்பி கேபிளில் இயக்கலாமா? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

ஒலி நிற்காது. கலக்கும் வேலை முழுவதும் மிக்சருக்குள் நடக்கிறது. கணினி அனுப்புவது கட்டளை மட்டும். தொடர்பு அறுந்தால் கடைசியாக வைத்த அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சங்கடமும் அங்கேதான்: அந்த நொடியில் மைக் ஊளையிட ஆரம்பித்தால் குறைக்க வழியில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒருவரை நிறுத்தி, எந்தத் திருகு மெயின் என்று காட்டி வையுங்கள். பாடல்களையும் அதே கணினியில் ஓட்டினால் அது வேறு கதை, பாட்டு நிற்கும்.

யூஎஸ்பி ஒலிப்பதிவுக்கும் மிடிக்கும் (இசைக்கருவிகள் தமக்குள் கட்டளை அனுப்பும் முறை). எக்ஸ்ஆர்18-இன் எடிட் மென்பொருள் நெட்வொர்க் வழியாக மட்டுமே பேசும்.

பழைய அனலாக் மிக்சரில் யூஎஸ்பி இருக்கிறதே, அதைக் கணினியால் இயக்க முடியாதா? – வாசகர், பட்டர்வொர்த்

முடியாது. அந்த யூஎஸ்பி ஒலியை உள்ளே வெளியே அனுப்ப மட்டும். ஃபேடரைக் கணினி நகர்த்த அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.

நான் மென்பொருள் எழுதுபவன். ஒரு பொத்தானை அழுத்தினால் எக்ஸ்32-இல் நான்கு மைக்குகள் மட்டும் மியூட் ஆக வேண்டும். பைத்தானில் எழுதிப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை, மிக்சரும் அசையவில்லை. – வாசகர், பாயான் லெப்பாஸ்

பிழை வராததில் ஆச்சரியமில்லை. எக்ஸ்32 பேசுவது ஓஎஸ்சி என்ற கட்டளை மொழி, அதுவும் யூடிபி என்ற நெட்வொர்க் அனுப்புமுறை மேல். அனுப்பியது சேர்ந்ததா என்று யூடிபி சொல்லாது. எக்ஸ்32-க்குப் போர்ட் 10023, எக்ஸ்ஆர் வரிசைக்கு 10024. இதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள்.

ஓஎஸ்சி நூலகம் பயன்படுத்தாமல் பைட்டுகளை நீங்களே கோத்திருந்தால், முகவரியின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்லாஷ் சிஎச், ஸ்லாஷ் 01, ஸ்லாஷ் மிக்ஸ், ஸ்லாஷ் ஃபேடர்: மொத்தம் 16 எழுத்து. நாலின் மடங்காக இருக்கிறதே, நிரப்ப வேண்டாம் என்று தோன்றும். ஆனால் கடைசியில் குறைந்தது ஒரு பூஜ்ய பைட் கட்டாயம். ஆக 20 பைட் ஆக வேண்டும். பிறகு காற்புள்ளியும் எஃப் எழுத்தும் இரண்டு பூஜ்யமும் 4 பைட், மதிப்பு 4 பைட், பெரிய பைட் முதலில் வரும் வரிசையில். மொத்தம் 28. மியூட்டுக்கு ஃபேடர் என்ற இடத்தில் ஆன். அது 13 எழுத்து, 16 ஆக நிரம்பும். மதிப்பு முழு எண், எழுத்து ஐ. சேனல் எண் எப்போதும் இரண்டு இலக்கம்: 1 என்றால் மிக்சர் கண்டுகொள்ளாது, 01 என்றால்தான்.

மியூட் தலைகீழாக யோசிக்க வேண்டியது: 'ஆன்' என்ற முகவரிக்கு 0 அனுப்பினால் மியூட், 1 அனுப்பினால் திறக்கும். ஃபேடருக்கு 0 முதல் 1 வரை தசம எண். 0.75 என்பது 0 டெசிபல், 1 என்பது கூட்டல் 10, 0.5 என்பது கழித்தல் 10, 0.25 என்பது கழித்தல் 30. அளவுகோல் நேர்கோடு இல்லை. பாதி என்று நினைத்து 0.5 அனுப்பிவிட்டு ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்காதீர்கள்.

சேர்ந்ததா என்று அறிய, அதே முகவரியை மதிப்பு இல்லாமல் அனுப்புங்கள். இப்போதைய மதிப்பைப் பதிலாகத் தரும். பதில் நீங்கள் அனுப்பிய அதே சாக்கெட்டுக்கே வரும் என்பதால் கேட்பதற்கு வேறு சாக்கெட் திறக்காதீர்கள். மிக்சரில் யாராவது கையால் மாற்றுவதும் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரிமோட் என்ற கட்டளை உண்டு. அது 10 நொடியில் காலாவதி. 8 நொடிக்கு ஒருமுறை மறுபடி அனுப்பிக்கொண்டே இருங்கள்.

இதே நிரலை எக்ஸ்ஆர்18-க்கு எடுத்துப்போனால் சேனல்கள் ஓடும், மெயின் ஓடாது. அங்கே மெயினின் முகவரி ஸ்லாஷ் எல்ஆர் என்று தொடங்கும், எக்ஸ்32-இல் ஸ்லாஷ் மெயின் ஸ்லாஷ் எஸ்டி. வேறு நிறுவனமான ஆலன் அண்ட் ஹீத்தின் கியூ வரிசை மிக்சர்களுக்கோ ஓஎஸ்சியே இல்லை. மிடி செய்திகளை டிசிபி 51325 போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டிலிருந்தே இணையம் வழியாக மண்டபத்து மிக்சரை இயக்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமா? – வாசகர், செராஸ்

வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன ஓஎஸ்சிக்குக் கடவுச்சொல் கிடையாது. போர்ட்டைத் திறந்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் ஃபேடரைத் தூக்கலாம். மண்டப ரவுட்டரில் வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்தின் மேல் பூட்டுப் போட்ட தனி வழி) வைத்து அதன் வழியே நுழையுங்கள். அப்படி நுழையும்போது மென்பொருளின் தானியங்கித் தேடல் மிக்சரைக் காட்டாது, ஏனென்றால் அந்த அறிவிப்புச் செய்தி விபிஎன்னைத் தாண்டாது. ஐபி முகவரியைக் கையால் தட்டுங்கள். சேனல் பெயர் மாற்ற, சீன் சரிபார்க்க இது நல்லது. நேரலையைக் கேட்டுக்கொண்டே ஒலி கலக்க இது உதவாது. நேரலை பல நொடி பின்தங்கி வரும். நீங்கள் குறைப்பதற்குள் அங்கே காது கிழிந்திருக்கும்.

மைதானத்தில் 60 மீட்டர் கேபிள் இழுத்திருந்தோம். மாலை மழைக்குப்பின் மிக்சரின் நெட்வொர்க் போர்ட் மட்டும் செத்துவிட்டது, மற்றதெல்லாம் ஓடுகிறது. – வாசகர், புக்கிட் மெர்தாஜம்

இடி கேபிள் மேல் விழுந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எழும், போர்ட்டின் உள்ளே இருக்கும் சில்லு தாங்காது. மின்பலகையைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுங்கள். மாற்ற முடிந்தால் அந்தப் பகுதி மட்டும் மாற்றினால் போதும்.

திறந்தவெளியில் இனி ஃபைபர் போடுங்கள். இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் செம்புக் கேபிளின் மின்குறியையும் மாற்றித் தரும் பெட்டி), அங்கிருந்து ஒரு மீட்டர் சாதாரண கேபிள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. இரண்டு கன்வெர்ட்டரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒன்று சிங்கிள்மோட், மற்றது மல்டிமோட் என்று வாங்கி வந்தால் விளக்கு எரியும், தொடர்பு வராது. செம்பையே வைத்திருக்கும்வரை, வானம் கறுத்ததும் கேபிளை மிக்சர் பக்கம் முதலில் கழற்றுங்கள், பிறகு மடிக்கணினி பக்கம்.