மருந்துக்குப் பழகியது யார்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சுகர் இருக்கிறது. நீர்க்கடுப்பு வந்தால், எப்போதோ டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கையே கடையில் வாங்கிக் கொடுப்போம். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவோம். இந்த முறை கேட்கவே இல்லை. அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பழகியிருப்பது கிருமிதான், அம்மாவின் உடம்பு இல்லை. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. வசதியான சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டின் மரபணுவில் தற்செயலாகப் பிழை விழும். சில பிழைகள் மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிடும். மற்றவை மடிய, அந்த ஒன்றின் வாரிசுகள் பெருகும்.

நெருக்கடியே கிருமிக்கு உதவுவதும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து அதன் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். சாகடிக்கப் போதாத அளவில் மருந்து சேர்ந்தால், கிருமி அவசர அவசரமாக டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும். அதில் பிழைகள் கூடும்; தப்பிக்கும் வழியும் கூடும். போதாததற்கு, எதிர்ப்புத் தரும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும்.

2016-ல் ஹார்வர்டில் நான்கடி நீளத் தட்டில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஈ.கோலையை வளர்த்தார்கள். டிரைமெத்தோபிரிம் மருந்தை, முதலில் தன்னைக் கொன்ற அளவைவிட 1000 மடங்கு வரை, அது 10 நாளில் தாங்கிக்கொண்டது. குறைந்த அளவில் பழகிப் பழகித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அரைகுறை மருந்து எனக்குப் பயம் தருவது இதனால்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையைத் தொடாதீர்கள். அடுத்த மாத்திரைக்கு முன்னால் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுங்கள்; உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். லேப் தரும் சுத்தமான டப்பாவில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அதில் இருக்கும். அதுவரை என்ன கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், மூன்று மாதச் சராசரி சுகரும் பார்த்துவிடுங்கள்.

குளிர் ஜுரம், விலாப்பக்க வலி, வாந்தி, பேச்சில் குழப்பம் இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.