ஆயர் இல்ல விசாரணை முடியும்வரை போலீசுக்குப் போகக்கூடாதா?

காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள். குரு (பாதிரியார்) ஒருவர் உங்கள் மகளிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக ஆயர் (பிஷப்) இல்லத்தில் புகார் தந்ததாகவும், "ஆயர் இல்லம் விசாரிக்கிறது, முடிவு வரட்டும்" என்று பங்கில் (உங்கள் ஆலயத்தில்) சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு 13 வயது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம், ஆயராக இருந்தாலும்.

ஆயர் இல்லத்தில் இன்னும் பழைய 'பாப்பிறை இரகசியம்' (pontifical secret) என்ற விதியை, அதாவது வழக்கு விவரங்களை வெளியே சொல்லக்கூடாது என்பதை, மனதில் வைத்திருக்கலாம். இத்தகைய வழக்குகளில் அதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரிலேயே நீக்கிவிட்டார். திருச்சபைச் சட்டம் தரக்கூடிய உச்சத் தண்டனையே குருத்துவ நிலையிலிருந்து நீக்குவதுதான். யாரையும் சிறைக்கு அனுப்ப அதனால் முடியாது.

உங்கள் புகார் போலீசுக்கு அனுப்பப்பட்டதா என்று ஆயர் இல்லத்தில் எழுத்தில் கேளுங்கள். ஆனால் பதிலுக்காக நிற்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அப்போது நீங்கள் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை: பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்லமாட்டார், அந்தச் சாட்சியை நம்பியிருக்காதீர்கள். பிள்ளையின் பெயரோ பள்ளியோ பங்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.