இருட்டில் இருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் பொறியாளன். அப்பா பகுத்தறிவு இயக்கத்தில் இருந்தவர், வீட்டில் சாமி படமே கிடையாது. ‘கடவுள் உண்டா இல்லையா என்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை’ என்பதுதான் கல்லூரிக் காலம் முதல் என் நிலைப்பாடு. அம்மா இறந்தபின் நண்பர் ஒருவரோடு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது விசுவாசிக்கிறேன். அடுத்த மாதம் ஞானஸ்நானம். அன்று சபைக்கு முன் சாட்சி சொல்ல வேண்டும், அதாவது விசுவாசத்துக்கு வந்த கதையை, ‘இருட்டில் இருந்த நாட்களைச் சொல்லுங்கள்’ என்கிறார் பாஸ்டர். எழுதிப் பார்த்தேன், பொய் மாதிரி இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் பெரிய கவலை. பெயரை மாற்ற வேண்டுமா? உயிர்த்தெழுதலுக்கு வரலாற்று ஆதாரம் உண்டு என்று நிறுவும் சில காணொளிகளின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

க.

அன்புள்ள க.,

காணொளிகளைப் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. பெயர் உங்கள் விருப்பம், ஆதாரிலிருந்து வங்கிக் கணக்கு வரை மாற்ற அலையத் தெம்பிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ‘எழுதிப் பார்த்தேன், பொய் மாதிரி இருக்கிறது’ என்ற வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்லைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நான் சாட்சிகளைக் கேட்டே வளர்ந்தவன். எங்கள் ஊர் கன்வென்ஷன் பந்தலில் வருடந்தோறும் சாட்சி சொல்லும் அண்ணன் ஒருவர் உண்டு. முதலில் அவர் சனிக்கிழமை மட்டும் குடித்தவராக இருந்தார். அப்புறம் தினமும் குடித்தவரானார். நான் பள்ளி முடிக்கும்போது அரிவாளோடு அலைந்தவராகிவிட்டார். பாவம் வளர வளர ‘அல்லேலூயா’ சத்தமும் வளர்ந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி மட்டும் தலையைத் தூக்கவே மாட்டார். அந்த மனிதரை நான் கேலி செய்யவில்லை, நல்லவர். கூட்டம் அவரிடம் கேட்டது அது, கொடுத்தார். உங்களிடமும் அதையே கேட்கிறார்கள். உங்களிடம் அரிவாள் இல்லை, அதனால் அப்பாவைத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

சிமோன் வெய்ல் 1909-ல் பாரிசில், மதப் பற்றில்லாத யூத மருத்துவர் வீட்டில் பிறந்தவர். தத்துவ ஆசிரியை. 1942 மே மாதம், நாஜிகளிடமிருந்து தப்பிப் பெற்றோருடன் கப்பலேறப் போகிற நேரத்தில், மார்செய் நகரில் தனக்குப் பழக்கமான பெரான் என்ற டொமினிக்கன் சபைக் கத்தோலிக்கத் துறவிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதுகிறார். வாழ்க்கையில் எந்தக் கட்டத்திலும் தான் கடவுளைத் தேடியதில்லை என்கிறார். கடவுள் என்கிற பிரச்சினையைத் தீர்க்க வேண்டிய தரவுகள் இந்த உலகில் நமக்குக் கிடைப்பதில்லை, தப்பான விடைக்கு வருவதைவிடத் தொடாமல் விடுவதே மேல் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவர். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரியாக நீங்கள் இருந்த இடம்.

பிறகு நடந்தது எதுவும் வாதத்தால் நடக்கவில்லை. 1934-35-ல் தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளியாக வேலைக்குப் போய், ரெனோ கார் கம்பெனி வரை உடம்பு ஒடிய உழைக்கிறார். அந்தக் களைப்போடு போர்ச்சுக்கலில் ஒரு மீனவ கிராமத்துக்குப் போகிறார். ஊர்த் திருவிழா. மீனவர்களின் மனைவிமார் மெழுகுவர்த்தி ஏந்திப் படகுகளைச் சுற்றி வந்து பழம்பாட்டுகள் பாடுகிறார்கள், நெஞ்சைப் பிழியும் சோகம். இது அடிமைகளின் மதம், நானும் அவர்களில் ஒருத்தி என்று அங்கே அவருக்குத் தெரிகிறது. 1937-ல் இத்தாலியின் அசிசியில், புனித பிரான்சிஸ் ஜெபித்த சிற்றாலயத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக முழங்கால் படியிடுகிறார். 1938-ல் ஈஸ்டரை ஒட்டிய புனித வாரத்தில், பிரான்சின் சொலெம் மடாலயத்தில் தாங்க முடியாத தலைவலி, கூடவே துறவிகளின் பாட்டு. ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘அன்பு’ என்ற ஆங்கிலக் கவிதை அப்போதுதான் அறிமுகமாகிறது. தலைவலி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அழகான கவிதை என்ற நினைப்பில்தான். அப்படிச் சொன்ன ஒரு நேரத்தில் கிறிஸ்துவே இறங்கி வந்து தன்னை எடுத்துக்கொண்டார் என்று எழுதுகிறார். மனிதரும் கடவுளும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்வது சாத்தியம் என்பதை அவருடைய பழைய வாதங்கள் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை.

இதற்குப் பிறகும் அவர் ‘நான் இருட்டில் கிடந்தேன்’ என்று எழுதவில்லை, கவனியுங்கள். தன் அன்பு மறுக்கவில்லை, அறிவு பாதி மறுத்தது என்கிறார். தன்னைவிட உண்மையை நாம் விரும்புவதையே கிறிஸ்து விரும்புகிறார், ஏனென்றால் அவர் முதலில் உண்மை. அவரை விட்டு விலகி உண்மையை நோக்கி நடந்தாலும் கொஞ்ச தூரத்திலேயே அவர் கைகளில்தான் விழுவோம். இதுதான் வெய்லின் வாதம். ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொன்ன வருடங்களும் அவர் கணக்கில் அந்தப் பாதைதான். பெரான் எவ்வளவோ சொல்லியும் ஞானஸ்நானம் பெறாமலே பிரான்சை விட்டுப் போனார். திருச்சபை விலக்கிவைத்த எத்தனையோ பேரை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போக அவருக்கு மனம் வரவில்லை. மறு வருடம் இங்கிலாந்தில், 34 வயதில், காசநோயோடு இறந்தார். இதைச் சாக்காக வைத்து நீங்கள் பின்வாங்க வேண்டாம், வேண்டும் என்று தோன்றினால் தண்ணீரில் இறங்குங்கள்.

ஆனால் அந்தச் சாட்சியைக் கிழித்துப் போடுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்று சாமி படம் இல்லாத அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டீர்கள். நீங்கள் எழுதியதில் பொய் இருக்கிறது என்று மோப்பம் பிடித்த மூக்கு அங்கே வளர்ந்தது. அதையா இருட்டு என்று மைக்கில் சொல்லப்போகிறீர்கள்? வெட்கமாக இல்லையா? அம்மா போனபின் போக ஆரம்பித்தேன் என்று எனக்கு ஒரு வரி எழுதினீர்களே, அது உண்மை. அதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பாஸ்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்பா விஷயம். அவரிடம் போன வருடமே சொல்லியிருக்க வேண்டும். இனியாவது ஞானஸ்நானத்துக்கு முன்னால், நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸப்பில் வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவரையும் கூப்பிடுங்கள், வருவதும் வராததும் அவர் இஷ்டம். வெய்லின் அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது, படித்துவிட்டு எழுதுங்கள். இணைப்புகள் அனுப்ப வேண்டாம்.