மேகியின் படங்கள் எங்கே?

கேள்வி: ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனை விடாமல் பார்ப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். சோம்பேறி அப்பா, சொன்ன பேச்சு கேட்காத பையன். பெரியவர்கள் உட்கார்ந்து ரசிக்க அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: ஒரே ஒரு எபிசோடைச் சொல்கிறேன். 1995-இல் வந்தது. குடும்பம் உட்கார்ந்து போட்டோ ஆல்பத்தைப் புரட்டுகிறது. கைக்குழந்தை மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று பிள்ளைகள் கேட்க, அப்பா ஹோமர் பழைய கதையை ஆரம்பிக்கிறார். அணுமின் நிலைய வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடனை அடைத்த கையோடு அதை உதறிவிட்டு, ஆசைப்பட்டபடி பவுலிங் விளையாட்டுக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறார். மனிதர் முகமே மாறிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மனைவி மார்ஜ் மூன்றாவது குழந்தையை உண்டாகிறார். கூடத்துச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. பழைய முதலாளி பர்ன்ஸிடமே போய்க் கெஞ்சுகிறார் ஹோமர். முதலாளி சேர்த்துக்கொள்கிறார். ஆனால் ஹோமர் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு பலகையை அடித்துவைக்கிறார்: ‘மறக்காதே, ஆயுசுக்கும் நீ இங்கேதான்.’

சரி, மேகியின் படங்கள் எங்கே? எனக்குத் தெம்பு தேவைப்படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன் என்கிறார் ஹோமர். உடனே அந்தப் பலகையைக் காட்டுகிறார்கள். அதன்மேல் குழந்தையின் படங்களாக ஒட்டியிருக்கிறார். மறைத்தது போக மிச்சம் தெரிகிற ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், ‘அவளுக்காகச் செய்’ என்று வருகிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. முதல் தடவை பார்த்தபோது என் மகள் ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்தினாள். எழுந்து போய், திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அதுவரை அந்த ஆளைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அப்படிச் சிரித்ததால்தான் அவர் நமக்கு வேண்டியவராகிப் போகிறார், பலகையைக் கண்டதும் தொண்டை அடைக்கிறது. இந்தத் தொடரில் சிரிப்பும் பாசமும் தனித்தனிப் பாத்திரத்தில் இல்லை.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். ‘இங்கே சிரியுங்கள்’ என்பதுபோலப் பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பது அமெரிக்க டிவி காமெடிகளில் வெகுநாள் வழக்கம். இதில் அது கிடையாது. சத்தத்துக்காக நிற்க வேண்டியதில்லை என்பதால் ஒரு ஜோக் முடியும் முன்பே அடுத்தது வந்துவிடும். கடைப் பலகை, தேவாலய அறிவிப்பு, மகன் பார்ட் கரும்பலகையில் எழுதும் இம்போசிஷன் என்று ஓரத்தில் எழுதியிருப்பதிலும் நகைச்சுவை ஒளிந்திருக்கும். மறுபடி பார்க்கும்போது போன தடவை தவறவிட்டது ஒன்றாவது கிடைக்கும்.

கேள்வி: அந்தக் குடும்பத்துக்கு ஏன் மஞ்சள் நிறம்? பிள்ளைகள் ஏன் வளர்வதே இல்லை?

பதில்: சேனல் மாற்றிக்கொண்டே போகிறவர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும் என்பதுதான் மஞ்சளுக்குக் காரணம் என்று உருவாக்கியவர் மாட் கிரெய்னிங் சொல்லியிருக்கிறார். 1987-இல் இன்னொரு நிகழ்ச்சிக்கு நடுவே வரும் குட்டிப் படங்களாக ஆரம்பித்து, 1989 டிசம்பரில் தனித் தொடரானது. அன்றைக்கும் பார்ட்டுக்குப் பத்து வயது, தங்கை லிசாவுக்கு எட்டு, இன்றைக்கும் அதேதான். நிஜ நடிகர்கள் என்றால் இரண்டு வருஷத்தில் மீசை முளைத்துவிடும். கார்ட்டூனில் அந்த வீட்டை அந்த வயதிலேயே வைத்திருக்க முடிகிறது. அப்புறம், ஹோமர், மார்ஜ், லிசா, மேகி எல்லாம் கிரெய்னிங்கின் சொந்த அப்பா, அம்மா, தங்கைகளின் பெயர்கள். பார்ட் மட்டும் அவர் வைத்த புதுப் பெயர்.

கேள்வி: பார்ட்டுக்குக் குரல் கொடுக்கும் பையன் யார்?

பதில்: பையன் இல்லை, நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி. லிசாவுக்குக் குரல் கொடுக்கத்தான் தேர்வுக்கு வந்தார். பார்ட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்ததும், இதைப் பேசிக் காட்டட்டுமா என்று கேட்டார். கிரெய்னிங் அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டார். லிசாவின் குரல், பார்ட்டுக்காக வந்திருந்த யார்ட்லி ஸ்மித்துக்குப் போனது. இதைத் தெரிந்துகொண்ட அன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு எபிசோடு முழுக்கக் கேட்டேன். எனக்குக் கேட்டது பத்து வயதுப் பையன் குரல்தான்.