மேனுவல் ஆங்கிலம்: கேட்டவர்களுக்குப் பதில்

ரங்கூனில் முப்பது வருஷமாக ஜெனரேட்டரும் பாய்லரும் பழுது பார்க்கிறவன் நான். ஆங்கில வாத்தியார் இல்லை. ஆனால் மேனுவலை, அதாவது இயந்திரத்தோடு வரும் கையேட்டை, தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

பெகுவிலிருந்து, டிப்ளமா படிக்கும் தம்பி: சயா, இலக்கணப் பயிற்சியில் எல்லாம் சரியாகப் போடுகிறேன். மேனுவலைத் திறந்தால் மட்டும் தலை சுற்றுகிறது. ஏன்?

சயா (பர்மியத்தில் வாத்தியார்) எல்லாம் வேண்டாம், அண்ணன் போதும். பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, நாலு விடையும் கொடுத்து, "இங்கேதான் யோசிக்கணும்" என்று காட்டிவிடுகிறார்கள். மேனுவலில் அந்தக் கோடு கிடையாது. எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்பதை நாமேதான் கண்டுபிடிக்கணும்.

என் கதையைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நெல் ஆலை பாய்லர். அழுத்தக் காட்டியில் 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தாளில் "ரெட்யூஸ் த பிரஷர் பை 2 பார்" என்று இருந்தது. ரெட்யூஸ் தெரியும், பிரஷர் தெரியும், 2 பார் தெரியும். இடையில் இருந்த "பை" கண்ணிலேயே படவில்லை. இறக்கிக்கொண்டே போய் 2 பாரில் நிறுத்தினேன். ஆவி போதாமல் ஆலை நின்றுவிட்டது. மேஸ்திரி சொன்னதை இங்கே எழுத முடியாது.

"பை 2 பார்" என்றால் 2 பார் குறை. 7 இருந்தால் 5 ஆகணும். "டு 2 பார்" என்றால் 2 பாருக்குக் குறை. தமிழில் ஒரு "க்கு" செய்கிற வேலையைத்தான் அங்கே டு செய்கிறது. "க்கு" விட்டுப்போனால் நமக்கு உடனே உறுத்தும், பை கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் ஏதாவது ஒரு மேனுவலில் ஒரே ஒரு பக்கம் எடுங்கள். டு, பை, ஃப்ரம், அன்டில், அன்லெஸ், ஒன்லி, இந்த ஆறையும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் எண்ணோடு சேர்த்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரிய சொற்களுக்கு அகராதி இருக்கிறது, அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தட்டோனிலிருந்து: "த வால்வ் ஃபிட்டட் டு த டேங்க் லீக்ஸ்" என்று ஒரு வரி. ஃபிட்டட், லீக்ஸ், இரண்டு வினை எப்படி வரும்? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இந்த வாரம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். லீக்ஸ்தான் வினைமுற்று. ஃபிட்டட் நம் பெயரெச்சம் மாதிரி: "தொட்டியில் பொருத்திய வால்வு கசிகிறது." நாம் எச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். பர்மியமும் அப்படித்தான் வைக்கும். ஆங்கிலம் இந்த மாதிரி இடத்தில் பெயருக்குப் பின்னால் ஒட்டவைக்கிறது. வீட்டில் பேசுவது, தெருவில் பேசுவது, இரண்டு மொழியும் சேர்ந்து நம்மைத் தப்பான பக்கம் பார்க்க வைத்துவிடுகின்றன. சந்தேகம் வந்தால் ஃபிட்டடுக்கு முன்னால் "விச் இஸ்" போட்டுப் பாருங்கள். வரி ஒழுங்காக ஓடினால் அது எச்சம். மேலே தேடுங்கள், முற்று வேறெங்கோ இருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் நமக்கு அதிர்ஷ்டம். "ஃப்யூயல் பம்ப் டிரைவ் ஷாஃப்ட்" என்று பெயர்களை அடுக்கினால் பல நாட்டுக்காரர்கள் திணறுவார்கள். நமக்கு என்ன? தென்னையோலைக் கூரை வீடு என்றால் கடைசியில் இருப்பது வீடுதானே. அதே மாதிரி இது ஷாஃப்ட். எரிபொருள் பம்பை ஓட்டுகிற தண்டு.

மோல்மேனிலிருந்து ஒரு அக்கா: மின்சாரம் போய்ப் போய் வருவதால் இன்வர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வாங்கினோம். கூட வந்த ஆங்கிலம் ஆங்கிலம் மாதிரியே இல்லை தம்பி.

இல்லைதான் அக்கா. அதில் இலக்கணத்தை நம்பாதீர்கள். எண், அலகு, படம், இந்த மூன்றையும் பாருங்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட். 16 செல் தொடராக இருந்தால் 51.2. கடையில் அதையே 48 வோல்ட் பேட்டரி என்பார்கள், பயப்படாதீர்கள். "ஃப்ளோட்" என்றால் மிதப்பது இல்லை, நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே பிடித்து வைக்கிற மின்னழுத்தம். எச்சரிக்கை வரியில் "நாட்" இரண்டு தடவை வந்தால் மட்டும் ஊகிக்க வேண்டாம், விற்றவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: "இன்ஃப்ளேமபிள்" என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. ஃப்ளேமபிளும் அதுவும் ஒன்றே, இரண்டும் பற்றிக்கொள்ளும். பற்றாதது "நான்-ஃப்ளேமபிள்". இப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிற மொழியை என்ன சொல்ல!

சிரியத்திலிருந்து, கப்பலுக்குப் போகிற தம்பி: அண்ணே, எனக்கு இலக்கணமே வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். கப்பல் பேச்சுக்கென்றே சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஒரு வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. எண்களைப் பிரித்துச் சொல்லச் சொல்கிறது: 150 என்றால் "ஒன் ஃபைவ் ஸீரோ". நம் ஆட்கள் வாயில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகவே விழும், அதற்கு இதுதான் மருந்து. "மே ஐ என்டர்" என்று கேட்கக்கூடாதாம். முதலில் "க்வெஸ்ச்சன்" என்று சொல்லிவிட்டு "டூ ஐ ஹேவ் பெர்மிஷன்" என்று கேட்கணும். இலக்கணம் வராதவனுக்கு இதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்?

அமெரிக்க ஆங்கிலமா, பிரிட்டிஷா? எதுவானாலும் சரி. ஸ்பேனரும் ரெஞ்சும் ஒன்று, எர்த்தும் கிரவுண்டும் ஒன்று. அடுத்த கேள்வி.

ரங்கூனிலிருந்து ஒரு தங்கை: வேலை அறிக்கையில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். குழந்தை எழுதின மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

விமானப் பராமரிப்புக்கு என்று ஒரு எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் இருக்கிறது. 1980களில் ஐரோப்பிய விமானத் துறையில் உருவானது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். "ஃபாலோ" என்றால் பின்னால் வருவது மட்டும்தான், விதிக்குக் கீழ்ப்படிவதற்கு அதைப் போட முடியாது. குழந்தை மாதிரி எழுதுகிறவர்களை நம்பித்தான் விமானம் பறக்கிறது என்று சொல்லுங்கள்.

அதே தங்கை: சரி, வாசிக்க என்ன எடுப்பது?

வீட்டில் இருக்கிற பொருளைப் பற்றியதாக எடுங்கள். குளிர்சாதனப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பத்தி போதும். படித்து, மூடிவைத்து, படம் வரைந்து அம்புக்குறி போடுங்கள். அம்பு தப்பினால் படித்தது புரியவில்லை. அப்புறம் விவரித்ததைக் கட்டளையாக மாற்றுங்கள்: "த கவர் இஸ் ரிமூவ்ட்" என்பதை "ரிமூவ் த கவர்" என்று. பத்து வரி மாற்றினாலே செயப்பாட்டு வினை கைக்குள் வந்துவிடும்.

பெகுவிலிருந்து ஒரு பெரியவர்: அறுபது வயதாகிறது. இனி ஏறுமா?

எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான் ஐயா. நம் காலத்தில் ஐந்தாம் வகுப்பில்தான் ஏபிசிடியே ஆரம்பித்தது. மழலை வகுப்பிலேயே ஆங்கிலம் வந்தது 1981க்குப் பிறகு. உங்களிடம் என்ன இயந்திரம் இருக்கிறது? அதன் மேனுவலில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்வோம்.